முத்திரையை எடுத்த கம்பனிகள், எரிந்துபோன கடைகள்: கம்பளை 1915 முதல் ஹலால் சர்ச்சை வரை

2013 மார்ச் 11 ஆம் திகதி கொழும்பில் ஓர் ஊடக சந்திப்பு நடைபெற்றது. இலங்கை வர்த்தக சம்மேளனத்தினர், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சபையினர், பௌத்த பிக்குகள் சிலர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு முடிவை அறிவித்தார்கள். உள்நாட்டில் விற்பனையாகும் பொருட்களுக்கு இனி ஹலால் முத்திரை தேவையில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் பொருட்களுக்கு மட்டும் உலமா சபை கட்டணமின்றிச் சான்றிதழ் வழங்கும் என்பதே அந்த முடிவு.

அதாவது, ஒரே தொழிற்சாலையில் ஒரே கைகளால் பொதி செய்யப்படும் பிஸ்கட் துபாய்க்குப் போனால் முத்திரையோடு போகும். கம்பளை நகரக் கடைக்கு வந்தால் முத்திரை இல்லாமல் வரும். வெளிநாட்டு முஸ்லிம் வாடிக்கையாளரின் நம்பிக்கைக்கு விலை இருந்தது. உள்நாட்டு முஸ்லிம் வாடிக்கையாளரின் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க முடிந்தது. வியாபார நிறுவனங்கள் அரசியல் அழுத்தத்துக்கு எப்படி வளைகின்றன என்பதை விளங்கிக்கொள்ள இலங்கையில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

இந்தக் கதையைக் கம்பளையிலிருந்து தொடங்குவதே முறை. பதினான்காம் நூற்றாண்டில் இராசதானியாக இருந்த இந்த ஊர், பின்னர் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த வர்த்தக நகரமானது. மகாவலிக் கரையில் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே கடை வைத்திருக்கும் இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்த முஸ்லிம்கள் இங்கு ஒரு பள்ளிவாசலை வைத்திருந்தார்கள். வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா அந்தப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டுமா என்பதில் தகராறு எழுந்தது. 1912 இல் அரசாங்க அதிகாரிகள் நிபந்தனை விதித்தார்கள். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அதை ஏற்காமல் பெரஹராவைக் கைவிட்டு நீதிமன்றம் சென்றார்.

1914 ஜூன் 4 ஆம் திகதி கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ், 1815 கண்டி உடன்படிக்கையில் பௌத்தத்துக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழியை முன்வைத்து தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரி 2 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. உடன்படிக்கையின் நூற்றாண்டு நிறைவு பெறும் அதே ஆண்டு. மே 28 ஆம் திகதி வெசாக் இரவில் கண்டியில் மூண்ட மோதல், சில நாட்களிலேயே மேல் மாகாணம், சப்ரகமுவ எனப் பரவியது. ஜூன் 2 ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. அரசாங்கக் கணக்கின்படி முஸ்லிம்களின் 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன. 25 பேர் கொல்லப்பட்டனர்.

மேளச் சத்தத்தில் தொடங்கிய பிரச்சினையில் ஏன் இத்தனை கடைகள்? முதலாம் உலகப்போர் காலத்தில் அரிசி, துணி விலைகள் ஏறியிருந்தன. கடனுக்குச் சாமான் கொடுத்த கிராமத்துக் கடைக்காரர் பல இடங்களில் முஸ்லிமாக இருந்தார். அநகாரிக தர்மபால போன்றோர் அந்நிய வியாபாரிக்கு எதிராகப் பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வந்திருந்தார்கள். சிங்கள வர்த்தக வகுப்பு வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. மத உணர்ச்சி கூட்டத்தைச் சேர்த்தது, கூட்டம் எங்கே போக வேண்டும் என்பதை வியாபாரப் போட்டி காட்டியது என்பதே என் வாசிப்பு.

தமிழருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கைதான சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடினார். இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை அம்பலப்படுத்தியது நியாயமானதே. ஆனால் கடையிழந்த முஸ்லிம்களுக்காக அதே குரல் எழவில்லை. அந்த மனக்காயம் தமிழ் – முஸ்லிம் உறவில் நெடுங்காலம் இருந்தது. 1983 ஜூலை 26 ஆம் திகதி கண்டி நகரில் தமிழர் கடைகளுக்கு நெருப்பு வைத்த கும்பல் அன்றே கம்பளைக்கும் நகர்ந்தபோது, எரிந்தது நம்முடைய பெயர்ப்பலகைகள்.

முத்திரை எப்படி அரசியலானது?

உணவு மார்க்கச் சட்டப்படி தயாரானது என்பதைத் தெரிவிப்பதைத் தவிர ஹலால் முத்திரைக்கு வேறு வேலை இல்லை. 1924 இல் தொடங்கிய உலமா சபை, 2000 ஆம் ஆண்டளவிலிருந்து இச்சான்றிதழை வழங்கிவந்தது. கம்பனிகள் அதைப் பெற்றதற்குப் பக்தி காரணமல்ல. முஸ்லிம் வாடிக்கையாளரும் மத்திய கிழக்குச் சந்தையும்தான் காரணம்.

2012 இல் உருவான பொது பல சேனா இதை வேறுவிதமாக வாசித்தது. பௌத்த நாட்டில் எல்லோரும் உண்ணும் பொருளில் ஒரு சிறுபான்மையின் அடையாளம் ஏன், அந்தக் கட்டணம் எங்கே போகிறது என்று கேட்டது. கம்பனிகள் யாரும் அரசியல் பேசவில்லை. பொதியின் மூலையில் இருந்த விரல் நகமளவு முத்திரை அரசியல் பேச்சாக மாற்றப்பட்டது. 2013 பெப்ரவரி 17 மஹரகம கூட்டத்தில், மார்ச் மாத இறுதிக்குள் ஹலால் முத்திரையை ஒழிக்க வேண்டும் எனக் காலக்கெடு விதிக்கப்பட்டது. மார்ச் 9 ஆம் திகதி காலியில் அவ்வமைப்பின் பயிற்சி நிலையத் திறப்பு விழாவில் அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச பிரதம அதிதியாகக் கலந்துகொண்டார். அதற்கு இரண்டு நாட்களின் பின்னரே மேலே சொன்ன ஊடக சந்திப்பு. அரசின் மனம் எந்தப் பக்கம் என்பதைக் கம்பனி முதலாளிகளுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

விட்டுக்கொடுத்ததால் அமைதி வந்ததா? பொது பல சேனா அந்த இணக்கத்தையே நிராகரித்தது. ஏற்றுமதிக்கும் ஹலால் கூடாது என்றது. மார்ச் 17 ஆம் திகதி கண்டியில் கூட்டம் போட்டு, முஸ்லிம் பெண்களின் ஆடையை அடுத்த விடயமாக எடுத்தது. மார்ச் 28 இரவு பெப்பிலியானையில் ஃபெஷன் பக் நிறுவனத்தின் களஞ்சியம் பொலிசார் இருக்கும்போதே தாக்கப்பட்டது. உரிமையாளர்கள் வழக்கைத் தொடர விரும்பாததால் சந்தேக நபர்கள் விடுவிக்கப்பட்டார்கள். கடை நடத்துகிறவர் நீதிமன்றத்தில் வெல்வதைவிட நாளைக்குக் கடையைத் திறப்பதையே தேர்ந்தெடுப்பார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல வடக்கு, கிழக்கில் இருப்பவர்களுக்கு மனம் வராது. முறைப்பாடு கொடுத்துவிட்டு அதே தெருவில் வாழ்வது என்னவென்று நமக்குத் தெரியும்.

2014 ஜூன் 15 அளுத்கம. அடுத்த சில நாட்களில் பாணந்துறையில் நோலிமிட் ஆடையகம் தீக்கிரை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை எனக் கண்டி மாவட்டமே பற்றியது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் வெளிப்படையாகவே நடந்தது. அவ்வாண்டு ஜூனில் கண்டி அஸ்கிரிய பீட மகாநாயக்கரே அக்கடைகளுக்குப் போகவேண்டாம் என்ற பொருளில் பேசினார். தங்கொட்டுவ வாராந்தச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளைத் தடுக்கும்படி வென்னப்புவ பிரதேச சபைத் தலைவர் கடிதமே அனுப்பினார். மாறவில நீதவான் அதை ஏற்கவில்லை.

இங்கே பெரிய கம்பனிக்கும் சிறிய கடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பல்பொருள் அங்காடிகளுக்குப் பொருள் வழங்கும் கம்பனி ஒரு முத்திரையை நீக்கினால் நெருக்கடி தீர்ந்துவிடும். அச்சுக்கூடத்தில் பொதியின் வடிவத்தை மாற்றினால் போதும். திகனையில் கடை வைத்திருந்தவர் எதை நீக்குவார்? அவரது பெயரே முத்திரை.

வெளியிலிருந்து வரும் அழுத்தம்

2018 மார்ச் வன்முறையில் இன்னொரு நிறுவனமும் சம்பந்தப்பட்டிருந்தது: பேஸ்புக். சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகள் பற்றிச் சிவில் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அவசரகால நிலை பிரகடனமாகி, அரசாங்கம் சமூக ஊடகங்களை ஒரு வாரத்துக்கு முடக்கியதும் நிறுவனத்தின் பிரதிநிதிகள் கொழும்புக்கு வந்து பேச்சு நடத்தினார்கள். தனது தளம் துர்ப்பிரயோகம் செய்யப்பட்டதற்கு பேஸ்புக் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. பாதிக்கப்பட்டவரின் முறைப்பாடு கொண்டுவராத பதிலைச் சந்தை மூடப்பட்டது கொண்டுவந்தது.

அரசாங்கங்களும் இதே கணக்கைத்தான் பார்க்கின்றன. 2017 டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலைக்கு ரஷ்யா தற்காலிகத் தடை விதித்தது. பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் காரணம் கூறப்பட்டது. ரஷ்யாவிலிருந்து அதிகம் வரும் அஸ்பெஸ்டஸுக்கு 2018 ஜனவரி முதல் தடை போட இலங்கை அப்போது தீர்மானித்திருந்தது. அந்தத் தடை பின்போடப்பட்டது. டிசம்பர் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. மக்களின் சுவாசப்பைக்காக எடுத்த முடிவை மாற்ற இரண்டு வாரம் போதுமாக இருந்தது. கம்பளையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லயன் கூரைகளில் எத்தனை அஸ்பெஸ்டஸ் என்பது வேறு கதை.

இந்த விதி ஹலாலுக்கும் பொருந்தியது. பொது பல சேனா எவ்வளவு கத்தினாலும் ஏற்றுமதிச் சான்றிதழை ஒழிக்க முடியவில்லை. இந்தோனேசியா 2014 இல் சட்டமே இயற்றி ஹலால் சான்றிதழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. இலங்கையிலும் அதே 2014 முதல் உலமா சபையிடமிருந்து அப்பணியைப் பொறுப்பேற்று ஹலால் உத்தரவாத கவுன்சில் என்ற தனி நிறுவனம் நடத்துகிறது.

தமிழர் கையிலிருந்த ஆயுதம்

யுத்தம் முடிந்த காலத்தில் புலம்பெயர் தமிழர்கள் இதே விதியைத் தம்பக்கம் திருப்பப் பார்த்தார்கள். அமெரிக்காவில் கெப், விக்டோரியாஸ் சீக்ரெட் கடைகளின் முன்னால் நின்று, இலங்கையில் தைத்த ஆடைகளை வாங்காதீர்கள் என்று கோரினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமை உடன்படிக்கைகளை இலங்கை நடைமுறைப்படுத்தவில்லை என்று கூறி 2010 ஆகஸ்ட் 15 முதல் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதம் மீண்டும் வழங்கியது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் கொள்முதலாளரின் கேள்விக்குக் கம்பனிகள் பதில் சொல்லவேண்டியிருந்தது உண்மை. அதே ஆண்டுகளில் வவுனியாவில் ஒமேகா லைனும் கிளிநொச்சியில் மாஸ் நிறுவனமும் தொழிற்சாலை நடத்தின. அங்கு தையல் இயந்திரத்தின் முன் இருந்தவர்கள், இருப்பவர்கள், யுத்தத்தில் குடும்பத்தை இழந்த பெண்கள் உட்பட நம்மவர்கள்தான். பகிஷ்கரிப்பைக் கோருகிறவர் டொரோண்டோவில் இருக்க, அதன் விலையைச் செலுத்தக்கூடியவர் கிளிநொச்சியில் இருந்தார். இதற்காக அழுத்தமே கூடாது என்பதல்ல. 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தைச் சுட்டிக்காட்டி வரிச்சலுகையை மீளாய்வு செய்யச் சொன்ன பிறகே அச்சட்டத்தில் 2022 இல் சில திருத்தங்களாவது வந்தன. ஆனால் அழுத்தம் யார் தோளில் இறங்குகிறது என்பதை, அதைக் கோருகிறவர் அங்குள்ளவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தமிழ் வாடிக்கையாளரே பெரும்பான்மை. ஆகவே அங்கே காட்சி தலைகீழானது. 2014 இல் ‘கத்தி’ திரைப்படத்தைத் தயாரித்த லைக்கா நிறுவனத்துக்கு ராஜபக்ச தரப்புடன் தொடர்பு உண்டு என்று எதிர்ப்புக் கிளம்பியது. முல்லைத்தீவைச் சேர்ந்த தமிழரே நிறுவனர். குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. ஆனாலும் தீபாவளி வெளியீட்டுக்காகத் தமிழ்நாட்டு விளம்பரங்களிலிருந்து தன் பெயரையே நீக்க இணங்கியது. கொழும்பில் ஹலால் முத்திரையை நீக்கிய அதே கணக்கு.

2020 ஒக்டோபரில் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படமான ‘800’ அறிவிக்கப்பட்டதும், யுத்தம் முடிந்தது பற்றியும் ராஜபக்ச தரப்புக்கு ஆதரவாகவும் அவர் பேசியவை மீண்டும் எழுந்தன. ஒரு வாரத்துக்குள், முரளியே கேட்டுக்கொண்டதன் பேரில் விஜய் சேதுபதி விலகினார். 2023 இல் வேறு நடிகருடன் படம் வெளிவந்தது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கு முரளியின் பேச்சு ஏற்படுத்திய வலி உண்மையானது. அதேவேளை, கண்டியில் அவருடைய குடும்பம் நடத்திய பிஸ்கட் தொழிற்சாலை 1977 வன்முறையில் தாக்கப்பட்டதும் உண்மை. பெரும்பான்மையின் நடுவே தொழிற்சாலை நடத்தும் மலையகத் தமிழர் ஒருவரின் வாயிலிருந்து வரும் அரசியல் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வியை அந்த வாரத்தில் யாரும் அதிகம் கேட்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேறச் சில மணித்தியாலங்களே கொடுக்கப்பட்டன. வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். யாழ் நகரில் அவர்கள் விட்டுச்சென்ற கடைகளுக்கு முத்திரையை எடுத்துவிட்டுத் தொடர்ந்து வியாபாரம் செய்யும் வாய்ப்புக்கூட இருக்கவில்லை. புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று திரும்பி வந்து தகப்பன்மாரின் காணி உறுதிகளோடு அலுவலகங்களில் நிற்கிறார்கள்.