பேஸ் கிடார்: பஞ்சு செய்த வேலையை விரல் செய்த கதை

பேஸ் கிடார் கற்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. நன்றாகத்தான் வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி விழாவுக்காக நண்பர்களோடு ஒத்திகை பார்த்தபோது டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் சொன்னான்: "மச்சி, நீ வாசிச்சா பாட்டே கொழகொழன்னு ஆகுதுடா. இப்படியே போனா பேஸ் இல்லாமலே மேடை ஏறிடலாம்."

வீட்டுக்கு வந்து வாசித்ததைப் பதிவு செய்து கேட்டேன். அவன் சொன்னது சரிதான். ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். நான் தொடாத தந்திகளும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தன! கிடாரில்தான் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் வாங்கி வாசித்தார். ரீங்காரம் இல்லை. "கிடார் நல்லாத்தான் இருக்கு தம்பி, உங்க கைதான் சும்மா இருக்கு" என்றார்.

விஷயம் இதுதான். பேஸின் தடித்த ஈ தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அடுத்த ஏ தந்தி 55 முறை. ஈ தந்தியின் 5-வது ஃப்ரெட்டில் விரல் வைத்து மீட்டினால் அதுவும் 55. உடனே பக்கத்தில் சும்மா இருக்கும் ஏ தந்தி தானாக அதிர ஆரம்பித்துவிடும். பள்ளியில் ஒத்ததிர்வு என்று படித்தோமே, அதேதான். இப்படி வேண்டாத ஒலியை அடக்குவதற்குப் பெயர் மியூட்டிங். சரி, இதன் வரலாறு என்ன என்று தேடினால் ஓர் ஆச்சரியம். ஆரம்ப காலத்தில் இந்த வேலையின் பெரும்பகுதியைக் கிடாரே செய்திருக்கிறது!

லியோ ஃபெண்டர் 1951-ல் கலிஃபோர்னியாவில் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அதற்கு முன் பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ்தான். அதை விரலால் மீட்டினால் ஓசை 'தும்' என்று எழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். ஃபெண்டரின் கட்டை உடல் கிடாரிலோ ஓசை நீண்டுகொண்டே போனது. அதனால் தந்திகள் முடியும் பிரிட்ஜின் மேல் ஓர் உலோக மூடி போட்டு, மூடிக்கு உள்ளே தந்திகளை அழுத்தும்படி ஒரு மியூட் வைத்தார்கள். 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக ஸ்பிரிங் வைத்த மியூட். சில ஆண்டுகளில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஃபோம் பஞ்சுக்கு மாறினார்கள்.

இந்தப் பஞ்சின் புகழை உலகுக்குக் காட்டியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்தில் வாசித்தவர். டபுள் பேஸில் தொடங்கி எலக்ட்ரிக் பேஸுக்கு வந்தவர். அவருடைய 1962 பிரிசிஷன் பேஸில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் தந்திகள், மூடிக்கு உள்ளே பஞ்சு. வலது கையில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்காட்டி விரல்! 1960-களில் மோடவுன் இசைத்தட்டுகளில் வாத்தியக்காரர்களின் பெயரே போடுவதில்லை. 1971-ல் மார்வின் கே ஆல்பம் ஒன்றில்தான் ஜேமர்சனின் பெயர் வந்தது. 1983-ல் இறந்த அவர் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றது 2000-ல்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் கேரல் கே வேறு வழி வைத்திருந்தார். பிரிட்ஜ் பக்கம் தந்திகளின் மேல் ஒரு ஃபெல்ட் துண்டை வைத்துவிட்டு, பிக்கால் வாசிப்பார்.

பிறகு ரசனை மாறியது. 1966-ல் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து ரோட்டோசவுண்ட் நிறுவனம் ரவுண்ட்வவுண்ட் பேஸ் தந்திகளை உருவாக்கியது. பியானோ போலப் பளிச்சென்று நீளும் ஓசை. இதற்குப் பஞ்சு எதற்கு? கைக்கு இடைஞ்சல் என்று பலர் மூடியைக் கழற்றினார்கள். கழற்றிய மூடிக்கு 'ஆஷ்ட்ரே' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது! லியோ மட்டும் விடவில்லை. 1976-ல் மியூசிக் மேன் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த ஸ்டிங்ரேயிலும் தந்திக்கு ஒரு மியூட் இருந்தது. பின்னாளில் அதுவும் வழக்கொழிந்தது.

பஞ்சு போனதும் பொறுப்பு முழுக்க விரலுக்கு வந்தது. ஆனால் பஞ்சால் முடியாததை விரல் செய்தது. பஞ்சு எல்லாச் சுரத்தையும் ஒரேபோல அடக்கும். விரலோ எங்கே, எப்போது அடக்குவது என்று தீர்மானிக்கும். லாரி கிரஹாமின் ஸ்லாப், 1976-ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்ட ஜாகோ பாஸ்டோரியஸின் வேகம் இரண்டிலும் கவனியுங்கள். இடது கை தந்தியை அழுத்தாமல் சும்மா தொட, 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சுரம் இல்லை, தாளம் மட்டும். அடக்குவதே ஒரு வாசிப்பாகிவிட்டது.

இதெல்லாம் படித்தபின் என் பயிற்சியை மாற்றினேன். ஏ தந்தியை வாசிக்கும்போது வலது கட்டைவிரல் ஈ தந்தியின் மேல் ஓய்வெடுக்கும். டி, ஜி பக்கம் போனால் கட்டைவிரலும் கூடவே இறங்கும். மெல்லிய தந்திகளின் மேல் இடது கை விரல்கள் லேசாகப் படுத்திருக்கும். சுரத்தை முடிக்கும்போது விரலைச் சட்டென்று தூக்காமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். மிக மெதுவாக, தினமும் பதினைந்து நிமிடம்.

முதல் வாரம் எரிச்சல்தான் வந்தது. நேற்று மறுபடி பதிவு செய்து கேட்டேன். இரண்டு சுரங்களுக்கு நடுவே முதல் தடவையாக ஒன்றுமே கேட்கவில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒத்திகை. டிரம்ஸ் நண்பன் என்ன சொல்கிறான் பார்ப்போம்!