ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜெயிக்கலாம்... 'ஈவ் ஆன்லைன்' சப்போர்ட் கப்பல் கைடு!

பி.ஜி.எம்.ஐ-யில் நாக் ஆகிக் கிடக்கும் நண்பனைத் தூக்கிவிடப் போய், நீங்களும் சேர்ந்து அடிவாங்கியிருக்கீங்களா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அந்தத் 'தூக்கிவிடுற' வேலையை மட்டுமே முழுநேரமாகச் செய்ய ஒரு கப்பல் இருக்கு. 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி வியூக விளையாட்டில் அதற்குப் பெயர் லாஜிஸ்டிக்ஸ் கப்பல். வீரர்கள் சுருக்கமாக 'லாஜி' என்பார்கள்.

ஈவ் ஆன்லைனை ஐஸ்லாந்தின் சி.சி.பி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்டது. சீனாவுக்கு மட்டும் தனி சர்வர். மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே சர்வரில், ஒரே பிரபஞ்சத்தில் ஆடுகிறார்கள். இதில் கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். அடுத்த மேட்ச்சில் திரும்பக் கிடைக்காது, புதுசாக வாங்கணும். அதனால், ஒரு கப்பலை அழிக்கிறதைவிட ஒரு கப்பலைக் காப்பாற்றுவதற்கு இங்கே மதிப்பு அதிகம்.

பெயர் வராத ஹீரோ

எதிரிக் கப்பல் வெடித்ததும், அதைச் சுட்டது யார் யார் என்று ஒரு பட்டியல் வரும். 'கில்மெயில்' என்பார்கள். அதில் லாஜி ஓட்டியவர் பெயர் இருக்காது. ஆனால், எதிரணித் தளபதி முதலில் தேடுவது அந்த லாஜியைத்தான்.

நம்ம ஊர்த் தேரோட்டத்தை நினைச்சுப் பாருங்க. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவாங்க. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்று முட்டுக்கட்டை போடுறவங்க சில பேர்தான். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவங்க கை. போட்டோவில் அவங்க முகம் தெரியாது. லாஜி ஓட்டுறது அந்த வேலை.

என்ன செய்யும்?

ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று அடுக்குப் பாதுகாப்பு: வெளியே ஷீல்டு, அடுத்து ஆர்மர், உள்ளே ஹல். லாஜி கப்பல் தூரத்தில் இருந்தபடியே நண்பனின் ஷீல்டையோ ஆர்மரையோ சரிசெய்யும். முக்கியமான விதி, இந்தக் கருவி உங்களை நீங்களே சரிசெய்துகொள்ளப் பயன்படாது. அதனால் தனி லாஜி என்றால் ஆபத்து. குறைந்தது இரண்டு பேர் வேணும். நீங்க அவரைக் காப்பாத்தணும், அவர் உங்களைக் காப்பாத்தணும்.

இன்னொரு நுணுக்கம். ஷீல்டு ரிப்பேர் பட்டனை அழுத்தியதும், சுழற்சியின் தொடக்கத்திலேயே பலன் கிடைக்கும். ஆர்மர் ரிப்பேர் சுழற்சி முடியும்போதுதான் போய்ச் சேரும். ஆகவே ஆர்மர் லாஜி ஓட்டுபவர் அடி விழுந்த பிறகு யோசித்தால் லேட்.

எந்தக் கப்பலில் தொடங்கலாம்?

ஈவ் உலகில் நான்கு இனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிக்கட்டு உண்டு.

- அமார் (ஆர்மர்): இன்குவிசிட்டர், ஆகோரர், கார்டியன்
- காலன்டே (ஆர்மர்): நவிடாஸ், எக்ஸிக்யூரர், ஒனைரோஸ்
- கால்டாரி (ஷீல்டு): பான்டம், ஆஸ்ப்ரே, பசிலிஸ்க்
- மின்மட்டார் (ஷீல்டு): பர்ஸ்ட், சைத், சிமிட்டார்

ஒவ்வொரு வரிசையிலும் முதலாவது சின்ன ஃப்ரிகேட். விலை குறைவு, பழகுவதற்கு நல்லது. இரண்டாவது சாதாரண க்ரூசர். மூன்றாவதுதான் ஸ்பெஷல் லாஜிஸ்டிக்ஸ் க்ரூசர். காசு கட்டாமல் ஆடும் 'ஆல்ஃபா' கணக்கில் முதல் இரண்டு படிவரை போகலாம். மூன்றாவதுக்கு 'ஒமேகா' சந்தா தேவை.

இனத்தை அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்காதீங்க. உங்கள் அணி எதை நம்பி இருக்கிறது என்று முதலில் கேளுங்க. ஆர்மர் அணிக்குள் ஷீல்டு லாஜியோடு போனால், கல்யாண வீட்டுக்குப் பரிமாற வந்துவிட்டு இலையை மறந்த கதைதான்.

எப்படி ஓட்டணும்?

1. *சத்தத்துக்கு அல்ல, பிராட்காஸ்ட்டுக்குக் காது கொடுங்க.* அடிவாங்கும் வீரர் ஒரு பட்டனை அழுத்தினால் அவர் பெயர் உங்கள் திரையில் வரும். வாய்ஸ் சாட்டில் பத்து பேர் கத்தினாலும், அந்தப் பட்டியலைப் பார்த்தே வேலை செய்யுங்க.

2. *மஞ்சளிலேயே கூப்பிடச் சொல்லுங்க.* எதிரி குறிவைத்தால் அவர் படம் மஞ்சளாக மின்னும், சுட ஆரம்பித்தால் சிவப்பு. ஆர்மர் அணி என்றால், மஞ்சள் தெரிந்ததுமே பிராட்காஸ்ட் பண்ணும் பழக்கம் உயிரைக் காக்கும்.

3. *சக லாஜிகளை முன்கூட்டியே லாக் பண்ணுங்க.* லாக் ஆகச் சில விநாடிகள் பிடிக்கும். அந்தச் சில விநாடிகளில் கப்பல் போய்விடும்.

4. *நின்ற இடத்தில் நிற்காதீங்க.* ரிப்பேர் எட்டும் தூரத்துக்குள், சண்டைக்குச் சற்றுத் தள்ளி, நகர்ந்துகொண்டே இருங்க.

5. *யாருக்கு உதவுறோம்னு பாருங்க.* பாதுகாப்பான மண்டலத்தில் குற்றவாளி முத்திரை விழுந்தவருக்கு ரிப்பேர் கொடுத்தால், அந்த முத்திரை உங்களுக்கும் வரும். கான்கார்டு போலீஸ் உங்களையும் வெடிக்க வைக்கும். 'சேஃப்டி' பட்டன் பச்சையில் இருந்தால் விளையாட்டே தடுத்துவிடும். புதியவர்கள் அதை மாற்றவே வேண்டாம்.

அப்கிரேடு: எதை முதலில்?

எல்லாரும் முதலில் பெரிய ரிப்பேர் கருவி வாங்கத்தான் ஓடுவாங்க. அது கடைசி.

*முதலில் உயிர்.* நீங்கள் செத்தால் உங்கள் ரிப்பேர் பூஜ்யம். தாங்கும் சக்தியைக் கூட்டும் கருவிகள், வேகத்துக்கு ஆஃப்டர்பர்னர். இதுதான் முதல் செலவு.

*இரண்டாவது மின்சக்தி.* ரிப்பேர் கருவிகள் கெப்பாசிட்டரை உறிஞ்சித் தள்ளும். அது காலியானால் கப்பல் வெறும் தகரம். கார்டியனும் பசிலிஸ்க்கும் ஒன்றுக்கொன்று மின்சக்தியை அனுப்பிக்கொண்டே ஓடும். ஒருவர் விழுந்தால் சங்கிலி அறுந்துவிடும். ஒனைரோஸ், சிமிட்டார் இரண்டும் அந்தச் சங்கிலி இல்லாமலே தாக்குப்பிடிக்கும். சின்ன அணிக்கு அவைதான் வசதி.

இது வெறும் கற்பனை இல்லை. நம் இஸ்ரோ 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய 'ஸ்பேடெக்ஸ்' திட்டத்தில், தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் 2025 ஜனவரி 16 அன்று விண்வெளியில் இணைந்தன. பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் அனுப்பியும் காட்டினார்கள். கார்டியன் சங்கிலியின் நிஜ முதல் படி அது.

*மூன்றாவது லாக் வேகமும் தூரமும்.* *நான்காவதுதான் ரிப்பேர் அளவு.*

இதற்கெல்லாம் மேலே திறன் பயிற்சி. ஈவ்வில் அது நிஜ நேரத்தில் ஓடும். நீங்கள் தூங்கினாலும், காலேஜ் போனாலும் ஓடும். முதல் நிலைக்கு நிமிடங்கள் போதும். ஐந்தாம் நிலைக்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆல்ஃபா கணக்கு 50 லட்சம் திறன் புள்ளிகள் வரைதான் இலவசமாகப் பயிற்சி எடுக்கும். அதனால் எல்லாத்தையும் தொடாமல், ஒரு இனம், ஒரு படிக்கட்டு என்று பிடித்துக்கொள்ளுங்க.

கல்லலில் இருந்து ஆட முடியுமா?

முதலில் கசப்பான செய்தி. மொபைலுக்காக 2020-ல் வந்த 'ஈவ் எக்கோஸ்' இந்தியாவில் இல்லை. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரோடு சேர்த்து மத்திய அரசு தடை செய்த 54 ஆப்களில் அதுவும் ஒன்று. யாராவது ஏ.பி.கே ஃபைல் தந்தால் வாங்காதீங்க. கம்ப்யூட்டரில் ஆடும் ஈவ் ஆன்லைன்தான் வழி.

இனி நல்ல செய்தி. இந்த விளையாட்டின் சர்வர் விநாடிக்கு ஒருமுறைதான் கணக்குப் போடும். துப்பாக்கிச் சண்டை கேம்களில் பிங் 200-ஐத் தாண்டினால் தலையில் கைவைப்போமே, அந்தக் கவலை இங்கே பெரிதாக இல்லை. காரைக்குடிக்கும் சிவகங்கைக்கும் நடுவே, போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி உட்கார்ந்திருப்பவரும் லண்டன்காரருக்குச் சமமாக லாஜி ஓட்டலாம். ஆனால், முதல் டவுன்லோடு பெரிது. அதை நல்ல வைஃபை இருக்கும் இடத்தில் முடித்துவிடுங்க.

தினமும் நம் நேரப்படி மாலை 4.30 மணிக்குப் பராமரிப்புக்காக சர்வர் நிற்கும். கரண்ட் கட் ஆனால், உங்கள் கப்பல் தானாகவே அங்கிருந்து பறந்து தப்பிக்கப் பார்க்கும். எதிரி ஏற்கெனவே வார்ப் ஆகவிடாமல் பிடித்துவைத்திருந்தால் அதுவும் நடக்காது. கரண்ட் போய்ப்போய் வரும் நாளில் பெரிய சண்டைக்குப் போகாதீங்க.

ஒரு பில் கட்டாத கதை

2014 ஜனவரி 27-ல் 'பி-ஆர்5ஆர்பி' என்ற இடத்தில் தொடங்கிய சண்டை சுமார் 21 மணி நேரம் நீடித்தது. 7,500-க்கும் மேற்பட்ட வீரர்கள் பங்கேற்றார்கள். டைட்டன் எனும் ராட்சதக் கப்பல்கள் மட்டும் 75 வெடித்தன. நஷ்டம் நிஜப் பணத்தில் 3 லட்சம் டாலர் அளவுக்கு மதிப்பிடப்பட்டது. சண்டை மூண்டதற்குக் காரணம் பீரங்கி இல்லை. அந்த இடத்தைத் தக்கவைக்கக் கட்ட வேண்டிய பில் கட்டப்படாமல் போனதுதான். பின்னால் இருந்து தாங்கும் வேலையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால், முன்னால் நிற்கும் ராட்சதனும் விழுவான்.

கடைசியாக, ஈவ் வீரர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்: இழந்தால் தாங்க முடியாத கப்பலை ஓட்டாதே. ஒரு கப்பல் வாங்கும்போதே, அதேபோல இன்னொன்று வாங்க இஸ்க் கையில் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, நிஜப் பணத்தைத் தொடாமல் ஒரு படி கீழே உள்ள கப்பலில் ஏறுங்க. ஆகோரர் ஓட்டும் நிதானமான ஆள், கார்டியன் ஓட்டும் பதற்றமான ஆளைவிட அணிக்கு அதிகம் உதவுவார்.