ஒரே பெயர், பல துப்பாக்கிகள்: 1853 என்ஃபீல்டை ஒப்பிட்டுப் படிப்போம்

1857ஆம் ஆண்டின் சிப்பாய் எழுச்சிக்குக் காரணம் என்ன என்று கேட்டால், பெரும்பாலான விடைத்தாள்களில் முதல் வரியிலேயே ஒரு பதில் வந்துவிடும்: 'கொழுப்புத் தடவிய தோட்டா'. பதில் தவறில்லை. ஆனால் அந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்கு உரியது, அதில் கொழுப்பு ஏன் தேவைப்பட்டது, எழுச்சி அடங்கிய பிறகு அந்தத் துப்பாக்கி என்ன ஆனது என்று அடுத்த கேள்வி கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுகிறது. ஒப்பீட்டுக் கட்டுரை எழுதப் பழகும் மாணவர்களுக்கும் இது உதவும். ஏனென்றால் 1853 என்ஃபீல்ட் என்பது ஒரு துப்பாக்கி அல்ல, ஒரு குடும்பம்.

முதலில் அடிப்படை

இது வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி. அதாவது மருந்து, குண்டு எல்லாமே குழலின் முன்வாய் வழியாகத்தான் உள்ளே போகும். சிப்பாய் காகிதத் தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். மருந்தைக் குழலுக்குள் கொட்டுவான். குண்டை வைத்து, கம்பியால் அடிவரை தள்ளுவான். பிறகு பின்பக்க முளையில் செம்பினாலான சிறு கேப்பை மாட்டிச் சுடுவான். நன்கு பழகிய கை நிமிடத்திற்கு மூன்று முறை சுடும்.

இதற்கு முன் சிப்பாய்கள் வைத்திருந்தது வழவழப்பான குழல் கொண்ட மஸ்கட். அதன் குழல் விட்டம் ஏறத்தாழ 0.75 அங்குலம். குண்டு குழலுக்குள் தளர்வாக உருண்டு போகும். ஆகவே கெட்டிப்பது எளிது. ஆனால் 100 கெஜத்தைத் தாண்டினால் குறி நம்பும்படி இருக்காது.

என்ஃபீல்டின் குழலுக்குள் மூன்று சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியேறும்; சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் நேராகப் பறக்கும். குழல் விட்டம் 0.577 அங்குலம். பிரெஞ்சுக்காரர் மினியே 1849இல் அமைத்த குண்டின் வழியில் வந்த, அடிப்பக்கம் குழிந்த ஈயக் குண்டு இதற்குப் பயன்பட்டது. மருந்து வெடித்ததும் குண்டின் அடி விரிந்து பள்ளங்களில் பதியும். குழலில் கரி படிந்துவிட்டால் அடுத்த குண்டு இறங்காது. அதனால்தான் தோட்டாவின் குண்டுப் பக்கத்தில் கொழுப்பும் மெழுகும் தடவினார்கள். பாருங்கள், கொழுப்பு வந்த காரணம் இதுதான்: சுருள் பள்ளத்திற்கு இறுக்கமான குண்டு வேண்டும், இறுக்கமான குண்டுக்கு வழுக்கல் வேண்டும்.

குடும்ப உறுப்பினர்கள்

இலண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரச ஆயுதத் தொழிற்சாலையின் பெயரே துப்பாக்கிக்கும் வந்தது. 1853 முதல் 1867 வரை, தனியார் பட்டறைகளில் செய்தவற்றையும் சேர்த்து, ஏறத்தாழ 15 இலட்சம் துப்பாக்கிகள் உருவாயின. அவற்றில் முக்கியமான வகைகளைப் பார்ப்போம்.

நீண்ட வகை: குழல் நீளம் 39 அங்குலம், மொத்த நீளம் ஏறத்தாழ 55 அங்குலம், எடை சுமார் 9.5 பவுண்டு. குழலையும் மரத்தையும் மூன்று உலோக வளையங்கள் பிணைத்திருக்கும். அதனால் 'மூன்று வளையத் துப்பாக்கி' என்பார்கள். சாதாரணக் காலாட்படை வீரனுக்கு உரியது. இவ்வளவு நீளம் எதற்கு? காலாட்படை இரண்டு வரிசையாக நின்று சுடும். பின்வரிசைக்காரனின் குழல் முன்வரிசைக்காரனின் முகத்தைத் தாண்டி நீள வேண்டும். குதிரைப்படை பாய்ந்து வரும்போது முனைக்கத்தியும் எட்ட வேண்டும்.

குட்டை வகை: 1856, 1858, 1860, 1861 என்று பல திருத்தங்கள் கண்டது. குழல் 33 அங்குலம், வளையம் இரண்டு. ரைஃபிள் படைப்பிரிவினருக்கும் காலாட்படைச் சார்ஜண்டுகளுக்கும் கொடுத்தார்கள். கடற்படைக்காகவும் 1858இல் ஒரு வகை வந்தது.

பீரங்கிப்படைக் கார்பைன்: குழல் 24 அங்குலம். பீரங்கிக்காரனின் முதல் வேலை பீரங்கி. இது தற்காப்புக்கு மட்டும், முதுகில் தொங்கும்.

குதிரைப்படைக் கார்பைன்: குழல் 21 அங்குலம். குதிரைமேல் இருந்தபடி கெட்டிக்கும்போது கம்பி கை நழுவிக் கீழே விழாமல் இருக்க, அது குழல்வாயிலேயே இணைக்கப்பட்டிருந்தது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'நீளமான குழல் என்றால் குறி நன்றாக இருக்கும்' என்று நாம் எளிதாக நினைத்துவிடுவோம். நீண்ட வகையில் மூன்று பள்ளங்கள். அவை 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று சுற்றின. கடற்படை வகையிலும் 1860ஆம் ஆண்டுக் குட்டை வகையிலும் ஐந்து பள்ளங்கள். 48 அங்குலத்திற்கு ஒரு சுற்று. வேகமாகச் சுழலும் குண்டு அதிக நிலைப்போடு பறக்கும். ஆகவே நீளம் குறைந்த துப்பாக்கிதான் குறியில் முந்தியது. ஒப்பீடு செய்யும்போது கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

செய்த இடத்தைப் பொறுத்தும் வேறுபாடு உண்டு. பர்மிங்ஹாம் பட்டறைகளில் கையால் செய்த துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்தாது. அரத்தால் தேய்த்துப் பொருத்த வேண்டும். என்ஃபீல்ட் தொழிற்சாலை அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து, எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்படி செய்தது.

1857: துப்பாக்கியா, சந்தேகமா?

இந்தியாவில் புதிய துப்பாக்கிக்கான பயிற்சி டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களில் தொடங்கியது. 1857 ஜனவரியில் டம்டமில் தோட்டாவைப் பற்றிய பேச்சு கிளம்பியது. பசுக் கொழுப்பு என்றால் இந்துக்களுக்கு ஆகாது, பன்றிக் கொழுப்பு என்றால் முஸ்லிம்களுக்கு ஆகாது. அதிகாரிகள் விழித்துக்கொண்டு, சிப்பாய்களே தங்களுக்கு ஏற்ற வழுக்கலைத் தடவிக்கொள்ளலாம் என்றார்கள்; பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றும் மாற்றினார்கள். ஆனால் 'மாற்றுகிறார்கள் என்றால் முதலில் ஏதோ இருந்திருக்கிறது' என்றே சிப்பாய்கள் எண்ணினர்.

பிப்ரவரி 26இல் பெர்ஹாம்பூரில் 19ஆம் வங்காளக் காலாட்படை தோட்டாவை ஏற்க மறுத்தது. மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார். ஏப்ரல் 8இல் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24இல் மீரட்டில் 3ஆம் இலகு குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மே 10இல் மீரட் வெடித்தது.

இப்போது கவனியுங்கள். மீரட்டில் அன்று நீட்டப்பட்டது புதிய என்ஃபீல்ட் தோட்டா அல்ல. அவர்கள் முன்பே பயன்படுத்திவந்த பழைய வகைத் தோட்டா. ஆக, அங்கே மறுக்கப்பட்டது ஒரு பொருளை அல்ல; அந்தப் பொருளைக் கொடுத்த கையை. நில வரி, அவுத் அரசைப் பறித்தது, படையில் சேருபவர் கடல் கடக்கச் சம்மதிக்க வேண்டும் என்ற 1856ஆம் ஆண்டு ஆணை, இவையெல்லாம் சேர்ந்து நம்பிக்கையை முன்பே அரித்திருந்தன. 1806இல் வேலூர்க் கோட்டையில் புதிய தலைப்பாகை எழுச்சிக்குத் திரியானதும் இதே போலத்தான்.

அதே ஆண்டு ஜூலை 12இல் பதேபூரில் ஹேவ்லாக்கின் பிரிட்டிஷ் படை என்ஃபீல்டால் தூரத்திலிருந்தே சுட்டது. எதிரில் நின்ற சிப்பாய்களின் பழைய மஸ்கட் அந்தத் தூரத்தை எட்டவில்லை. எந்தத் துப்பாக்கியின் பெயரால் எழுச்சி மூண்டதோ, அதே துப்பாக்கி அதை அடக்கவும் உதவியது.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு

எழுச்சி அடங்கிய பிறகு இந்தியச் சிப்பாய்களுக்காக 1858ஆம் ஆண்டு வகை ஒன்று வந்தது. தோற்றத்தில் அச்சு அசல் நீண்ட என்ஃபீல்ட். அதே மூன்று வளையம், அதே மரம். ஆனால் உள்ளே? சுருள் பள்ளங்களைக் கடைந்து எடுத்துவிட்டு, குழலை 0.656 அங்குலத்திற்கு அகலப்படுத்தி வழவழப்பாக்கியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான கெஜ தூரத்திற்குக் குறி வைக்க உதவிய ஏற்றி இறக்கும் குறிகாட்டிக்குப் பதிலாக அசையாத ஒரு பிளவு மட்டும். கடைந்ததால் குழல் சுவர் மெலிந்து, புடைக்கவும் வெடிக்கவும் தொடங்கியது. எனவே தடித்த குழலோடு 1859ஆம் ஆண்டு வகை வந்தது. அதுவும் பள்ளமில்லாததுதான்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் தரலாம். ஒன்று, பள்ளம் இல்லையென்றால் இறுக்கமான குண்டு வேண்டாம், கொழுப்புச் சிக்கலும் தீர்ந்தது என்பது. மற்றொன்று, இனி எழுச்சி வந்தால் பிரிட்டிஷ் வீரனின் கையிலுள்ள துப்பாக்கியே சிறந்ததாக இருக்க வேண்டும் என்பது. எது வலுவானது? கொழுப்புதான் சிக்கல் என்றால் மெழுகோ எண்ணெயோ போதும். குறிகாட்டியைக் கழற்ற வேண்டியதில்லை. அதே காலத்தில் பீல் ஆணையம் வங்காளத்தில் ஓர் ஐரோப்பியருக்கு இரண்டு இந்தியர், மதராஸ், பம்பாயில் ஒருவருக்கு மூவர் என்ற விகிதத்தை முன்வைத்தது. பீரங்கிகளும் பெரும்பாலும் ஐரோப்பியர் கைக்கே போயின. இவற்றோடு வைத்துப் பார்த்தால் இரண்டாவது விளக்கமே வலுக்கிறது. சிப்பாயின் தோளில் இருந்தது என்ஃபீல்டின் உருவம். அதன் ஆற்றல் அல்ல.

1866இல் என்ஃபீல்டின் குழல் பின்பகுதியை வெட்டித் திறப்பு வைத்து, பின்பக்கம் கெட்டிக்கும் ஸ்னைடர் வந்தது. வாய்வழித் துப்பாக்கியின் காலம் முடிந்தது. இந்தியப் படைகளுக்கோ, பிரிட்டிஷ் வீரர்கள் அடுத்த தலைமுறையான மார்ட்டினி ஹென்றிக்கு மாறிய பிறகுதான் ஸ்னைடர் பரவலாகக் கிடைத்தது.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. 1857இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டன. மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களே இங்கே காவல் நின்றார்கள். அந்த ஆண்டே சிங்கப்பூர் ஐரோப்பிய வணிகர்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிக்கக் கேட்டு மனு அனுப்பினர். 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் நேரடி முடியாட்சிக் காலனியாயின.

விடை எழுதும்போது

1. ரைஃபிளையும் மஸ்கட்டையும் குழப்பாதீர்கள். குழலின் உட்புறமே வேறுபாடு.
2. பின்னாளில் வந்த லீ என்ஃபீல்ட் வேறு, இது வேறு.
3. தோட்டாவை 'உடனடிக் காரணம்' என்று எழுதுங்கள்; 'ஒரே காரணம்' என்று எழுதாதீர்கள்.
4. ஒப்பிடும்போது அளவை மட்டும் அடுக்காமல், ஒவ்வொரு வகையும் யாருக்காக, ஏன் என்று ஒரு வரி சேருங்கள்.

வகுப்பில் கலந்துரையாட ஒரு வினா: 1853 வகையையும் 1858 இந்திய வகையையும் வெளியிலிருந்து மட்டும் பார்க்கும் ஒருவர் என்ன முடிவுக்கு வருவார்? குழலுக்குள் பார்த்தவர் என்ன முடிவுக்கு வருவார்? இருவரின் விடைகளையும் மாணவர்கள் இரண்டு பத்திகளாக எழுதட்டும். ஒப்பீட்டுக் கட்டுரையின் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.