2 மில்லிமீட்டரில் தோற்ற லென்ஸ்கள்

1987-ல கேனன் இஓஎஸ் கேமராவைக் கொண்டு வந்தப்போ, தன்னோட எஃப்டி லென்ஸ்களைக் கைகழுவிடுச்சு. லென்ஸ் மாட்டும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி பழசுல 42 மி.மீ., புதுசுல 44. அந்த 2 மி.மீ. போதும். நடுவுல கூடுதல் கண்ணாடி வச்ச அடாப்டர் இல்லாம தூரத்துப் பறவைக்கு ஃபோகஸே கிடைக்காது. 400 எம்எம் எஃப்4.5 மாதிரி அருமையான லென்ஸ்கூட அலமாரிக்குப் போச்சு.

அப்புறம் 2008-ல மிரர்லெஸ் வந்துச்சு. உள்ள மிரர் இல்லாததால சோனி இ-மவுன்ட்ல இடைவெளி வெறும் 18 மி.மீ. மிச்சத்தை ஒரு வெற்றுக் குழாய் அடாப்டர் நிரப்பிடும்!

என் சம்பளத்துக்கு எட்டுற 400 எம்எம் இதுதாங்க. ஆட்டோஃபோகஸ் கிடையாது, பறக்குற மீன்கொத்தியைப் பெரும்பாலும் கோட்டை விடுவேன். உட்கார்ந்திருக்குற கொக்கு பாவம், ஒத்துழைக்கும்.

வாங்கும் முன்னாடி, நாங்க கண் பார்க்குற மாதிரி டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை போல படர்ந்திருந்தா பூஞ்சை. வச்சிட்டு வந்துடுங்க.