இட்ரியம் ஆக்சைடில் யூரோப்பியம்: எரிதல்வழித் தயாரிப்பை எதைக்கொண்டு அளப்பது?

அருமண் அயனிகளை மாசூட்டிய ஒளிர்பொருள்களைக் கரைசலிலிருந்து தயாரிக்கும் ஆய்வுகள் பலவும் துகளின் நுண்மையையே சாதனையாகச் சொல்கின்றன. 611 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும் யூரோப்பியம்–இட்ரியம் ஆக்சைடைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் தவறு என்பது என் வாதம். கரைசல் வழியின் பெரும்பலன், மாசு அயனி அணு மட்டத்தில் சீராகப் பரவுவதே.

1988-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிங்ஸ்லியும் பாட்டீலும் அலுமினியம் நைட்ரேட்டை யூரியாவுடன் எரித்து, சில நிமிடங்களில் ஆல்ஃபா அலுமினாவைப் பெற்றார்கள். அதே உத்தி இங்கும் பலிக்கிறது. ஒரு மோல் இட்ரியம் நைட்ரேட்டுக்கு எரிபொருளாக ஏறத்தாழ 1.67 மோல் கிளைசின். கரைசலை அகன்ற கிண்ணத்தில் ஊற்றி 500° செல்சியஸ் உலையில் வைத்தால் கொதித்து வற்றிப் பாகாகிறது, பொங்குகிறது, பழுப்புப் புகை கக்குகிறது. தீப்பற்றிய சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கிண்ணத்தில் மிஞ்சுவது விரல் பட்டாலே பொடியும் நுரை. எரிபொருள் மிகுந்தால் அதில் கரியின் சாம்பல் நிறம் தட்டும்.

இந்தப் பொடியைப் புறஊதா விளக்கின் கீழ் பிடித்தால் சிவப்பு மங்கலாகவே தெரியும். மேற்பரப்பில் ஒட்டிய ஹைட்ராக்சில் தொகுதிகள்தாம் முதன்மைக் காரணம். கிளர்வுற்ற யூரோப்பியம் கீழிறங்க வேண்டிய ஆற்றல் இடைவெளி சுமார் 12,000 செ.மீ⁻¹, ஹைட்ராக்சில் அதிர்வு சுமார் 3,400. நான்கே அதிர்வுகள் அந்த ஆற்றலை ஒளியாகாமல் விழுங்கப் போதும். 5 நானோமீட்டர் விட்டமுள்ள கோளத்தில் அரை நானோமீட்டர் தடிமனுள்ள புறத்தோல், கன அளவில் ஏறக்குறைய பாதி. 50 நானோமீட்டர் கோளத்தில் 6 விழுக்காடுதான். நுண்மை கூடக்கூட இழப்பும் கூடுகிறது.

ஈடாக நுண்மை ஏதேனும் தருகிறதா? குறைக்கடத்தி நானோதுகளில் பருமன் மாறினால் ஒளியின் நிறமே மாறும். யூரோப்பியத்தின் 4எஃப் எலக்ட்ரான்களோ 5எஸ், 5பி கூடுகளின் மறைவில் இருப்பவை. துகள் சிறுத்தாலும் அவற்றின் ஆற்றல் மட்டங்கள் பெரிதாக அசைவதில்லை. உயிரியல் அடையாளங்களுக்கும் அச்சு மைக்கும் சிறு துகள் தேவை என்பதை ஏற்கிறேன். அது பயன்பாட்டின் தேவை. ஒளிர்திறன் அதனால் கூடிவிடாது.

பொடியை 1000° செல்சியசில் சுட்டால் ஹைட்ராக்சிலும் கார்பனேட்டும் நீங்கி ஒளி மீள்கிறது. படிகம் பருத்து நுண்மை போய்விடுகிறது. சீரான பரவலோ அப்படியே நிலைக்கிறது. இட்ரியத்தின் ஆரம் 0.90 ஆங்ஸ்ட்ராம், யூரோப்பியத்தினது 0.95, ஒன்றின் இடத்தில் மற்றது இயல்பாக அமரும். ஆக்சைடுகளை அரைத்துக் கலந்து சுடும்போது யூரோப்பியம் துகள்விட்டுத் துகள் ஊடுருவ வேண்டும். அதற்கு உயர்வெப்பமும் மணிக்கணக்கான நேரமும் வேண்டும். குறைந்தால் அயனிகள் ஓரிடத்தில் திரண்டு ஒன்றின் ஒளியை மற்றொன்று தணிக்கும். கரைசலில் அந்தக் கலப்பு தீப்பற்றும் முன்பே முடிந்திருக்கிறது.

ஆகவே ஷெரர் சமன்பாட்டில் கிடைத்த படிகப் பருமனை மட்டும் தரும் கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது. சுடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அகச்சிவப்பு நிறமாலை, ஒளி தேயும் காலம், வணிகப் பொடியுடன் ஒப்பிட்ட குவாண்டம் திறன் ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும்.