பேட்டையார் நடத்திய விசாரணை



கொள்ளைநோய் ஒன்று நாட்டினுள் புகுந்துவிட்டால், அரசாங்கம் ஆணை பிறப்பிக்கிறது. மருத்துவர்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள். பத்திரிகைகள் இறந்தோர் கணக்கை நாள்தோறும் அச்சிடுகின்றன. 2020-ஆம் ஆண்டில் இவற்றையெல்லாம் நாம் கண்டோம். அதே காலத்தில், தெருமுனையில் தடுப்புக் கட்டியும், தனித்திருந்த முதியோர் வீட்டிற்கு அரிசியும் காய்கறியும் கொண்டு சேர்த்தும் பணியாற்றிய குடியிருப்போர் சங்கங்களையும் கண்டோம். பெரிய நிகழ்ச்சிகளைப் பக்கம் பக்கமாக எழுதும் சரித்திர ஆசிரியர்கள், இத்தகைய சிறு சபைகளைப் பற்றி ஒரு வரி எழுதுவதே அரிது. ஆதலின், தேசத்தின் பெரிய வாரியத்திற்குப் புலப்படாத உண்மையை ஒரு பேட்டைச் சபை கண்டறிந்த வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

வங்கத்துக் கழிமுகப் பகுதியிலிருந்து கிளம்பிய வாந்திபேதி நோய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலமுறை உலகை வலம் வந்தது. அவற்றுள் மூன்றாவது பெருவாரி லண்டன் மாநகரையும் தாக்கிற்று. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள் இரவு, அந்நகரின் சோஹோ பகுதியிலுள்ள பிராட் தெருவில் நோய் திடீரென்று வெடித்தது. மூன்றே நாட்களில் அத்தெருவிலும் அண்டைத் தெருக்களிலும் 127 பேர் மாண்டனர். ஒரு வாரத்திற்குள் குடியிருந்தோரில் முக்கால் பங்கினர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டனர். முடிவில் இறந்தோர் தொகை 616 ஆயிற்று.

இது பரவக் காரணம் யாது? அந்நாளில் கற்றறிந்தவர் பெரும்பாலோர், அழுகிய பொருள்களிலிருந்து எழும் நச்சுக் காற்றே காரணம் என்று உறுதியாக நம்பினர். நாற்றம் இருந்தால் நோய் இருக்கும் என்பது அவர்கள் கொள்கை. லண்டனில் நாற்றத்திற்குக் குறைவில்லை. எனவே அக்கொள்கைக்குச் சான்றுக்கும் குறைவில்லை! ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் ஒருவர், நோய் குடிதண்ணீர் வழியே பரவுகிறது என்று 1849-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அவர் சொல்லைக் கேட்டவர் சிலரே.

பிராட் தெருவில் ஒரு கிணறும் அதன்மேல் ஓர் அடிகுழாயும் இருந்தன. அத்தண்ணீர் தெளிவும் குளிர்ச்சியும் உடையது. சுவைக்காகத் தொலைவிலிருந்தும் ஆள் விட்டு எடுத்துச் செல்வோர் இருந்தனர். நம் ஊர்களிலும் "நல்ல தண்ணீர்க் கிணறு" என்று பெயர் வாங்கிய கிணற்றைத் தேடி இரண்டு தெரு கடந்து குடத்தோடு நடப்பார்கள் அல்லவா? அதுபோலத்தான். ஹாம்ஸ்டெட் என்னும் இடத்தில் குடியிருந்த ஒரு விதவை மூதாட்டி, முன்பு பிராட் தெருவில் வாழ்ந்தவர். அத்தண்ணீரின் சுவையை மறக்க இயலாமல் அதனை வண்டியில் வரவழைத்துப் பருகி வந்தார். நோய் அணுகாத ஹாம்ஸ்டெட்டில் அவர் வாந்திபேதியால் இறந்தார். அதே தெருவின் பீர் வடிசாலையில் வேலை செய்த எழுபது பேரில் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் பீரையே குடித்துக் கிணற்றை நாடாதவர்கள். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐவரே மாண்டனர். விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது.

இச்செய்திகளைத் திரட்டிய ஸ்நோ, செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை அப்பேட்டையின் பொறுப்பாளர்கள் கூடியிருந்த கூட்டத்திற்குச் சென்று தம் கருத்தைக் கூறினார். அவர்கள் முழுதும் நம்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மறுநாள் குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிட்டனர்.

பாடநூல்கள் பலவும் கதையை இவ்விடத்தில் முடித்துவிடும். கைப்பிடி போயிற்று, நோயும் போயிற்று என்று நாம் எண்ணிக்கொள்வோம். உண்மை அதுவன்று. கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது. ஸ்நோவே இதனை ஒப்புக்கொண்டார். எனவே கிணறுதான் குற்றவாளி என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. என் கருத்தில், இந்த வரலாற்றின் சிறந்த பகுதி இதற்குப் பின்னர்தான் வருகிறது.

செயின்ட் ஜேம்ஸ் என்பது அப்பேட்டையின் பெயர். வரி விதித்தல், சாலை பேணல், ஏழைகளைப் பராமரித்தல் முதலிய காரியங்களை அங்குள்ளோரே சபை கூடி நடத்தி வந்தனர். அச்சபை 1854 நவம்பரில் வாந்திபேதி விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது. எட்வின் லங்கெஸ்டர் என்ற மருத்துவர் அதன் தலைவர். ஸ்நோவும் குழுவில் சேர்க்கப்பட்டார். அரசாங்கத்தின் பொதுச் சுகாதார வாரியமும் தனியே ஆராய்ந்துகொண்டிருந்தது. அதன் குறிப்புகளைத் தந்துதவுமாறு பேட்டையார் கேட்டனர், வாரியம் இசையவில்லை. சரி, நாமே கேட்டறிவோம் என்று தெருவில் இறங்கினர்.

குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் ஹென்றி வொயிட்ஹெட் என்ற உதவிப் பாதிரியார். வயது இருபத்தொன்பது. நோய் கடுமையாயிருந்த நாட்களில் படுக்கை படுக்கையாகச் சென்று ஆறுதல் கூறியவர். அவர் ஸ்நோவின் கொள்கையை நம்பவில்லை. அக்கிணற்றுத் தண்ணீரை நிறையக் குடித்தும் பிழைத்தவர்களை அவர் நேரில் அறிவார். ஆகவே ஸ்நோவின் கூற்று தவறு என்பதை மெய்ப்பிக்கவே அவர் விசாரணையைத் தொடங்கினார் எனலாம்.

ஸ்நோ பெரும்பாலும் இறந்தோரைப் பற்றி விசாரித்தார். வொயிட்ஹெட்டோ, பிழைத்தவரையும் நோயே காணாதவரையும் தேடிச் சென்று, "நீங்கள் அத்தண்ணீரைக் குடித்தீர்களா?" என்று கேட்டார். ஊரைவிட்டு ஓடியவர் எங்கே குடியேறினார் என்பது அவருக்குத் தெரியும். அந்நியரிடம் வாய் திறவாதவரும் தம் பாதிரியாரிடம் மனம் விட்டுப் பேசினர். ஒரே வீட்டிற்கு நான்கு ஐந்து முறை சென்றதும் உண்டு. துணையின்றித் தனித்திருந்த முதியோர் சிலர் எவ்வாறு தப்பினர் என்று பார்த்தார். அவர்களுக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தர ஆளில்லை! கணக்கு சேரச் சேர அவர் மனம் மாறிற்று. அத்தண்ணீரைக் குடித்த 137 பேரில் 80 பேருக்கு நோய் கண்டிருந்தது. குடிக்காத 297 பேரில் 20 பேருக்கே கண்டிருந்தது. தாம் தகர்க்க வந்த கொள்கையைத் தம் குறிப்பேடே நிலைநிறுத்துவதை அவர் கண்டார், கண்டதை மறைக்கவுமில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. கிணற்றுக்குள் நஞ்சு எப்படி வந்தது? இறந்தோர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வொயிட்ஹெட்டின் கண்ணில் ஒரு வரி பட்டது. பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில், ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று செப்டம்பர் 2-ஆம் நாள் பேதியால் இறந்தது. நோய் கண்டது அதற்கு நான்கு நாட்கள் முன்னர். அதாவது, தெருவில் நோய் வெடிப்பதற்கும் முன்னர்! அவ்வீடு கிணற்றை ஒட்டியே இருந்தது. அவர் உடனே அத்தாயிடம் சென்றார். குழந்தையின் துணிகளை அலசிய நீரில் ஒரு பகுதியை வீட்டின் முன்புறமுள்ள கழிவுக்குழியில் கொட்டியதாக அவள் கூறினாள். 1855 ஏப்ரலில் பேட்டையின் மேற்பார்வையாளர் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தார். கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடி தூரம்கூட இல்லை. குழியின் செங்கற்கள் இற்றுப்போய், இடைப்பட்ட மண் கழிவில் ஊறிக் கிடந்தது.

இன்னொன்றும் வெளிப்பட்டது. அக்குழந்தையின் தந்தை ஒரு போலீஸ்காரர். அவருக்கும் நோய் கண்டது. அவரும் செப்டம்பர் 19-ஆம் நாள் இறந்தார். அவர் படுத்த நாள் எது தெரியுமா? செப்டம்பர் 8. குழாயின் கைப்பிடியைக் கழற்றிய அதே நாள்! கைப்பிடி இருந்திருந்தால், அதே குழியிலிருந்து நஞ்சு மறுபடியும் கிணற்றில் கலந்து, திரும்பி வந்த மக்களை இரண்டாம் முறையும் வாரிக்கொண்டு போயிருக்கலாம்.

1855-இல் அரசாங்க வாரியத்தின் அறிஞர் குழு, ஸ்நோவின் கருத்தை ஏற்கக் காரணமில்லை என்று எழுதிற்று. அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த பேட்டைக் குழுவின் அறிக்கை, பிராட் தெருக் கிணற்றின் அசுத்த நீரே இச்சாவுகளுக்குக் காரணம் என்று முடிவு கூறிற்று.

ஆனால் தெருவாருக்கு அத்தண்ணீரின் சுவை மறக்கவில்லை போலும்! கிணற்றைத் திறந்துவிட வேண்டும் என்று அவர்களே விண்ணப்பம் செய்ய, சபையும் அதற்கு இசைந்து கைப்பிடியைத் திரும்பப் பொருத்திற்று. ஸ்நோ 1858-ஆம் ஆண்டில் தமது 45-ஆம் வயதில் காலமானார். 1866-இல் கிழக்கு லண்டனில் வாந்திபேதி மீண்டும் தலைகாட்டியபோது, விசாரணைக்கு உதவச் சென்றவர்களுள் வொயிட்ஹெட்டும் ஒருவர். அம்முறை குடிநீர்க் கம்பெனியின் நீர்த்தேக்கத்தின் மீது பழி சுமத்த, நச்சுக் காற்றுக் கொள்கையில் முன்பு ஊன்றியிருந்த புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார் தயங்கவில்லை.