எழுந்து நடந்தவர்கள்

1962 மார்ச் 17. பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் நகரம். இந்திய அணித்தலைவர் நரி கான்ட்ராக்டரின் தலையைச் சார்லி கிரிஃபித் வீசிய பந்து தாக்கியது. தலைக்கவசம் வழக்கத்துக்கு வராத காலம் அது. பந்து வரும் நேரத்தில் யாரோ ஒரு சன்னலைத் திறக்க, தம் கவனம் அங்கே சிதறியதாக அவர் பின்னாளில் கூறினார். மண்டையோடு உடைந்திருந்தது. அவசர அறுவை சிகிச்சைக்குக் குருதி ஈந்தவர்களில் மேற்கிந்தியத் தீவுகளின் தலைவர் ஃபிராங்க் வொரெலும் ஒருவர். பின்னர் வேலூரில், 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய மருத்துவர் ஜேக்கப் சாண்டி, அவர் தலையில் உலோகத் தகடு பொருத்தினார். அது 2022இல்தான் அகற்றப்பட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் மீண்டும் டெஸ்ட் ஆடவில்லை.

அங்கே காயம் கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாத காயமே கொடியது. 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில், தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகே நின்ற ரமண் லாம்பாவின் நெற்றியில் பந்து பட்டது. அவர் எழுந்து, தாமே நடந்து வெளியேறினார். சற்று நேரத்தில் நினைவிழந்தார். மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. மண்டைக்குள் குருதி கசிவதை அந்த நடை மறைத்துவிட்டது.

மூளை அதிர்ச்சி என்பது இதனினும் நுட்பமானது. அது பெரும்பாலும் ஸ்கேனில்கூடப் புலப்படாது. ஆகவே ஆட்டக்காரரின் பேச்சையும் நினைவையும் நிலைதடுமாற்றத்தையும் கொண்டே கணிக்க வேண்டியிருக்கிறது. டேவிட் மேடக்ஸ் என்பவர் ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டக்காரர்களை ஆராய்ந்து 1995இல் சில கேள்விகளை முன்வைத்தார். இது எந்த மைதானம்? கடைசியாகப் புள்ளி எடுத்தவர் யார்? சென்ற வாரம் எந்த அணியோடு ஆடினாய்? உன் பெயர் என்ன என்று கேட்பதைவிட இவை பயன்மிக்கவை. ஏனெனில் அடிபட்டவனுக்குத் தன் பெயர் மறப்பதில்லை, அண்மை நிகழ்வுகளே மறக்கின்றன.

2014இல் ஃபிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்தபின் கிரிக்கெட் உலகம் விழித்தது. 2019 ஆகஸ்டு முதல் மூளை அதிர்ச்சிக்கு மாற்று ஆட்டக்காரர் அனுமதிக்கப்பட்டார். 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் மிட்செல் ஸ்டார்க்கின் பந்து ரவீந்திர ஜடேஜாவின் கவசத்தில் பட்டது. களத்தில் எவரும் சோதிக்கவில்லை. அவர் தொடர்ந்து ஆடினார். உடைமாற்றும் அறையில்தான் தலைச்சுற்றல் தெரிந்தது. மாற்றாக வந்த சஹல் மூன்று விக்கெட் எடுத்து வென்று கொடுக்க, விவாதம் முழுவதும் விதியின் நியாயம் பற்றியே நிகழ்ந்தது. ஜடேஜாவின் தலை பற்றிப் பேசியவர் சிலரே.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மைதானங்களில் ஞாயிறுதோறும் ஆடும் இளைஞர்களிடம் மருத்துவரும் இல்லை, மாற்று விதியும் இல்லை. ஆனால் அக்கேள்விகளுக்குச் செலவு ஏதுமில்லை. பதில் பிசகினால் ஆட்டம் முடிந்தது, மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சரியாகச் சொன்னாலும் அன்று ஓரமாய் உட்காரட்டும். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். "எனக்கொன்றுமில்லை" என்று சொல்லும் உரிமை, அடிபட்ட தலைக்கு இல்லை.